இருநூற்றுப் பதினோரு பாத்ரூம்

எங்கள் வீட்டில் பணத்தைப் பாத்ரூமில்தான் சொல்வோம். அப்பா டைல்ஸ் போடுகிறவர். ஐந்தடிக்கு ஏழடித் தரை, ஆளுயரத்துக்குச் சுவர், வாசலில் ஒரு கல்: இது ஒரு பாத்ரூம். அதற்கு அவருக்குக் கிடைக்கும் கூலிதான் எங்கள் நாணயம். புது ஃபிரிட்ஜ் மூன்று பாத்ரூம். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் இருபத்திரண்டு பாத்ரூம், ஆகவே அது அடுத்த வருஷம். ஒருமுறை வங்கியில் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டபோது அம்மா யோசிக்காமல் "அவருக்கு ஆறு பாத்ரூம், எனக்கு மூணு" என்று சொல்லிவிட்டாள். எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. கட்டணம் வருஷத்துக்கு நான்கு பாத்ரூம். இரண்டு வருஷத்தில் எட்டு பாத்ரூம் என் தலைக்குள் போயிருக்கிறது. வெளியே ஒரு வாளி தண்ணீர்கூட வந்ததில்லை என்பது அப்பாவின் கருத்து. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் என்னை "புரொபசர்" என்று கூப்பிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரச் சொன்னபோது நான் கொஞ்சம் பயந்தேன்.

"ஒரு கணக்கு இருக்கு. உன் படிப்புக்கு மொத மொதலா வேலை வந்திருக்கு" என்றார்.

மேசையில் ஒரு கடிதம் இருந்தது. என்னுடைய பல்கலைக்கழகத்தின் முத்திரைதான். நான் ஏதோ தேர்வில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து முகத்தைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் உள்ளே இருந்தது அக்காவின் பெயர். நிலவியல் இளங்கலை, மூன்று ஆண்டுகள், இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும்.

அக்கா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. பத்து வருஷமாகப் பல் செய்கிற லேபில் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அக்கா அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்ப்பாள். அந்தத் தாடையில் மெழுகில் பல் செதுக்குவாள். பிறகு அது உண்மைப் பல்லாக மாறி யாரோ ஒருவர் வாயில் போய் உட்காரும். எங்களுக்கு யாரைப் பார்த்தாலும் முகம் தெரியும். அவளுக்குப் பல் தெரியும். பஸ்ஸில் யாராவது சிரித்தால் என் காதில், "மேல மூணாவது நம்ம லேப்" என்பாள்.

அவள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் லேபில் சேர்ந்தாள். அந்த ஒரு வருஷம் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

"நிலவியல்னா என்ன வேலைம்மா?" அப்பா அடுப்பங்கரையைப் பார்த்துக் கேட்டார்.

"கல்லைப் பாக்கற வேலைப்பா."

"நான் முப்பது வருஷமா பாக்கறேன். எவனும் சம்பளம் ஏத்தல."

"நீங்க மேல பாக்கறீங்க. இது உள்ள பாக்கறது."

அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். எந்தப் பொருளையும் திருப்பிப் பார்த்து விலை தேடுவது அவள் பழக்கம். கடிதத்தையும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "எப்படி எழுதிப் போட்ட? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"கிடைக்காதுன்னு நெனச்சேன்மா. கிடைக்காததுக்கு எதுக்கு சொல்லணும்."

"புரொபசர்," என்றார் அப்பா, "இதுல போனா எத்தனை பாத்ரூம், வந்தா எத்தனை பாத்ரூம், எப்போ முதல் எடுக்கலாம். நேர்மையா போடு. அக்கான்னு பாக்காத."

நான் காகிதம் எடுத்தேன். பொருளாதாரம் படிப்பவனிடம் வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்ட ஒரே நாளில் அழகாகச் செய்துவிட வேண்டும் என்று ஆசை. கட்டணம் மூன்று வருஷத்துக்குப் பன்னிரண்டு. புத்தகம், பஸ், சுத்தியல் (அப்பா, "சுத்தியல் நம்மகிட்டயே இருக்கு" என்றார், நான் கழிக்கவில்லை), எல்லாம் சேர்த்து மூன்று. சாப்பாடு இருபத்தேழு. அறையில் அவள் படுக்கும் இடத்துக்கு வாடகையில் பங்கு ஆறு. இழக்கும் சம்பளம், மாதம் நான்கு பாத்ரூம் வீதம், நூற்று நாற்பத்து நான்கு. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அப்பா எட்டிப் பார்த்து, "உடைசலுக்குப் பத்து பர்சென்ட் சேத்துக்கோ" என்றார். எந்தக் கணக்கிலும் அவர் அதைச் சேர்ப்பார். டைல்ஸ் பெட்டியில் பத்துக்கு ஒன்று உடைந்திருக்கும்.

இருநூற்றுப் பதினொன்று.

அப்புறம் வரவு. நிலவியல் பட்டதாரிக்கு ஆரம்பத்தில் மாதம் ஐந்து பாத்ரூம் கிடைக்கும் என்று ஒரு இணையதளம் சொன்னது. இப்போது வாங்குவதைவிட ஒன்று அதிகம். வருஷத்துக்குப் பன்னிரண்டு. வேலை தேட ஒரு வருஷம் விட்டுக் கணக்குப் போட்டேன். அக்கா முதல் எடுக்கும் நாளில் அவள் ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருப்பாள்.

"அம்பதா?" என்றாள் அம்மா.

"நாற்பத்தொன்பதே முக்கால்" என்றேன், துல்லியமாக இருப்பதில் பெருமையோடு.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள். என் கூட்டலைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன். "கையெழுத்து நல்லா இருக்குடா" என்றாள். துணி காயப் போடப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் அவள் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லி முடித்துவிட்டுப் படுக்க வசதியாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் என் பெயரில் இருபத்திமூன்று புத்தகங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. பொருளாதாரப் புத்தகம் ஒன்று. மீதி இருபத்திரண்டும் பாறை, படிகம், எரிமலை, களிமண். முதல் வருஷம் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "உங்க லைப்ரரில கல்லைப் பத்தி ஏதாவது இருக்குமா? படம் போட்டது." பிளாஸ்டர் மாவில் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் அது கையில் சூடாகும், பிறகு ஆறி இறுகும். ஒரு நாளைக்கு முப்பது தாடை, பத்து வருஷம், அந்தச் சூடு அவள் உள்ளங்கையில் வந்து வந்து போயிருக்கிறது. மாவு எங்கேர்ந்து வருது சார் என்று முதலாளியிடம் கேட்டாள். "கடைலேர்ந்து" என்றார் அவர். அது ஒரு கல், கடல் வற்றிய இடத்தில் படிந்தது, சுட்டால் நீரை விட்டுவிடும், மறுபடி நீர் கண்டால் வாங்கிக்கொண்டு சூடாகிக் கல்லாகும் என்று நான் கொண்டுவந்த புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள். மூன்றாவது முறை நான் தூங்கிவிட்டேன்.

நூலகர் என்னை நிலவியல் மாணவன் என்றே நம்பினார். ஒரு நாள் மேசையில் கிடந்த ஒரு காகித எடைக் கல்லைக் காட்டி, "இது என்ன வகை தம்பி?" என்றார். "கனமான வகை சார்" என்றேன். அதிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை.

மாலையில் வீடு திரும்பியதும் அக்கா கேட்பாள். இன்னைக்கு என்ன கிளாஸ். எந்த ரூம். சன்னல் எந்தப் பக்கம். வாத்தியார் உட்கார்ந்து பேசுவாரா, நின்னுட்டா. ஒரே இடத்துலதான் உக்காரணுமா, மாத்திக்கலாமா. நான் போகாத வகுப்புகளைப் பற்றியும் அவளுக்காக நிறையச் சொல்லியிருக்கிறேன். என் வருகைப் பதிவு அறுபது சதவீதம். அக்காவிடம் சொன்ன வகையில் நூற்றுப் பத்து. இரண்டு வருஷத்தில் அவள் பல்கலைக்கழக வாசல்வரை நான்கு முறை வந்திருக்கிறாள், நான் மறந்த அடையாள அட்டையைக் கொடுக்க. நான்கு முறையும் காவலாளி அவளை உள்ளே போகச் சொன்னார். நான்கு முறையும் "இல்லைங்க, நான் சும்மா" என்று நின்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, அலமாரியில் என் கட்டண ரசீதைத் தேடும்போது அப்பாவின் பழைய எஸ்டிமேட் நோட்டு கையில் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் என் படிப்புக்குப் போட்ட கணக்கு அதில் இருந்தது. ஒரு மாடிவீட்டுக் குளியலறைக்கும் ஒரு கடை வாசலுக்கும் நடுவில் நான். மூன்றே வரி.

கட்டணம் 12. புஸ்தகம் பஸ் 3. இழக்கும் சம்பளம் 0.

சாப்பாடு இல்லை. அறை இல்லை. உடைசல்கூட இல்லை. வரவுப் பக்கத்தில், படித்து முடித்தால் மாதம் ஐந்து. படிக்காவிட்டால் பூஜ்யம். மூன்றே மாதத்தில் முதல் கைக்கு வந்துவிடும் என்று அடியில் அப்பா இரண்டு கோடு போட்டிருந்தார்.

பூஜ்யம் நியாயமானதுதான். அதற்கு முந்தைய விடுமுறையில் அப்பா என்னை வேலைக்குக் கூட்டிப்போனார். ஒரு பாத்ரூமின் தரைச் சரிவை நான் எதிர்ப்பக்கமாகப் போட்டேன். அந்த வீட்டில் குளித்தால் தண்ணீர் ஹாலுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகும். உடைத்து மறுபடி போட்டது அப்பாவின் சொந்தச் செலவு. மைனஸ் என்று எழுதாமல் பூஜ்யம் என்று எழுதினாரே, அது தகப்பன் மனசு.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் எதற்கும் உதவாதவன், அதனால் என் படிப்பு மலிவு. அக்கா பத்து வருஷமாக இந்த வீட்டு வாடகையைக் கொடுக்கிறாள், அதனால் அவள் படிப்பு இருநூற்றுப் பதினொன்று. அவளும் என்னைப்போல் தரைச் சரிவை எதிர்ப்பக்கம் போட்டிருந்தால் மூன்றே மாதத்தில் முதல் எடுத்திருக்கலாம்.

அப்பா வந்ததும் காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தார்.

"நீ போட்ட கணக்குதானே இது?"

"ரெண்டும் நம்ம வீட்டு கணக்குதான்ப்பா. என்னோடதுல சாப்பாடு இல்ல."

"நீ எப்படியும் திம்ப."

"அவளும் எப்படியும் திம்பாளேப்பா. படிக்கலைன்னா பட்டினி கிடப்பாளா?"

அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். சாப்பாட்டு வரியை அடித்தார். அறை வரியையும் அடித்தார். பிறகு நூற்று நாற்பத்து நான்கின் மேல் பென்சில் முனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அதை அடிக்கவில்லை. அடிக்க முடியாது. மாதம் நான்கு பாத்ரூம் என்பது எங்கள் வாடகை.

"இப்போ எவ்வளவு?"

"நாற்பத்தாறே முக்கால் வயசு."

"மூணு வருஷம் கொறஞ்சிருக்கு" என்றார். அவருக்கே அது பேச்சாகத் தோன்றவில்லை.

அக்கா அன்று லேபிலிருந்து வந்து, விரலிடுக்கில் வெள்ளை மாவோடு, எல்லோரையும் காப்பாற்றினாள். "நானும் யோசிச்சேன்ப்பா. தம்பிக்கு இன்னும் ஒரு வருஷம்தான். அவன் முடிச்சுட்டு வேலைக்கு போகட்டும். சீட்டை அடுத்த வருஷத்துக்கு தள்ளி வெக்க ஒரு ஃபாரம் இருக்காம். வெள்ளிக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்."

அம்மா முகம் தெளிந்தது. "அதான் நல்லது. படிக்க வேணாம்னு யாரு சொன்னா. அடுத்த வருஷம்."

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் வீட்டின் அடுத்த வருஷத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்மாவின் முழங்கால் இருக்கிறது. சன்னல் பெரிதாக உள்ள வீடு ஒன்று இருக்கிறது. அங்கே போனவர் யாரும் இதுவரை திரும்பி வந்து நலம் சொன்னதில்லை.

படுக்கும் முன் அவளிடம் சொன்னேன். "அக்கா, நான் ஒரு வருஷம் நிப்பாட்டிக்கறேன். நீ போ."

"நிப்பாட்டிட்டு?"

"ஏதாவது வேலை."

"அப்பா கூட போவியா?"

நான் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஊர்ல மத்தவங்க வீட்டு ஹாலெல்லாம் காஞ்சு இருக்கட்டும்டா. தூங்கு."

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அவள் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். லேபுக்குப் போடுகிற பழைய சட்டையில் வரவில்லை. இஸ்திரி போட்டதை உடுத்தியிருந்தாள். வாசலில் காவலாளியைப் பார்த்துப் பழக்கத்தில் நின்றுவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

சேர்க்கைப் பிரிவில் ஏழாவது கவுண்டர். எங்களுக்கு முன்னால் ஐந்து பேர், எல்லோரும் பதினெட்டு வயது, எல்லோருக்கும் பின்னால் ஒரு பெற்றோர். என்னை அக்காவின் பெற்றோர் என்று யாரும் நினைக்கவில்லை என்பதில் எனக்கு ஆறுதல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா ஒத்திவைப்புப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அக்கா முத்து முத்தாக எழுதியிருந்தாள். காரணம் என்ற கட்டத்தில்: தம்பி படிக்கிறான்.

"காரணம் பட்டியல்ல இருக்கறதா இருக்கணும்" என்றார். "பின்னால பாருங்க."

அக்கா திருப்பினாள். நான்கு காரணங்கள் அச்சிடப்பட்டிருந்தன. கடும் நோய். மகப்பேறு. கட்டாய ராணுவப் பணி. பெற்றோர் அல்லது துணைவர் மரணம்.

"தம்பி படிக்கறது இதுல வராதா சார்?"

"எதுல சேக்கறது? நோயிலயா?"

"சேக்கலாம் சார்" என்றேன். "எங்கப்பாவை கேட்டா சான்றிதழே குடுப்பாரு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் விளக்கினார். "இந்த நாலும் இல்லைன்னா ஒத்திவைக்க முடியாதும்மா. ஒண்ணு சீட்டை உறுதி பண்ணுங்க, இல்ல விட்டுக் குடுங்க. விட்டா காத்திருக்கறவங்களுக்கு போயிடும். அடுத்த வருஷம் புதுசா எழுதிப் போடணும். கிடைக்கும்னு சொல்ல முடியாது. உடம்பு ஏதாவது சரியில்லையா உங்களுக்கு?"

"இல்ல."

"கர்ப்பம்?"

"இல்ல சார்."

"அப்பா அம்மா?"

"நல்லா இருக்காங்க."

"அப்ப நீங்க படிக்காம இருக்கறதுக்கு காரணமே இல்லையேம்மா" என்றார், படிவத்தில் ஒரு குறை கண்டவரின் வருத்தத்தோடு.

அக்கா பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தாள். என் கணக்கைப் படித்தது போலத்தான். பத்து வருஷமாக எங்கள் எல்லோரிடமும் இருந்த காரணம் அந்தத் தாளில் எங்காவது இருக்கும் என்று அவள் உண்மையாகவே தேடினாள். பின்னால் ஒரு பெற்றோர் இருமினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

"உறுதி பண்ற ஃபாரம் எதுங்க?" என்றாள்.

"நீலக் கலர்."

நீலப் படிவத்தை அங்கேயே நின்று எழுதினாள். காரணம் கேட்கும் கட்டம் அதில் இல்லை. முன்பணம் அரை பாத்ரூம். கைப்பையின் உள் பையிலிருந்து எடுத்தாள். நோட்டுகள் ஏற்கெனவே சரியாக மடித்து இருந்தன. ஒத்திவைக்க முன்பணம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெளியே வந்து நடந்தோம்.

"வீட்ல என்னடா சொல்றது?"

"லிஸ்ட்ல இல்லைன்னு சொல்லு."

"சனி ஞாயிறு லேபுக்கு போவேன். மெழுகு வேலையை சாயங்காலம் வீட்டுக்கு கொண்டாந்து செய்யறேன்னு முதலாளிகிட்ட கேட்டு வெச்சிருக்கேன். மாசம் ரெண்டு பாத்ரூம் தேறும்."

"எப்போ கேட்ட?"

"சும்மாதான் கேட்டேன்."

"லைப்ரரில புத்தகம் அடுக்க ஆள் எடுக்கறாங்க. ஒரு பாத்ரூம். நூலகர் என்கூட பேசினா."

"வாடகைக்கு இன்னும் ஒண்ணு இடிக்குதே."

"இடிக்குது."

அப்பாவின் முதுகு இதற்குமேல் ஒரு பாத்ரூமைத் தாங்காது, அம்மாவின் முழங்கால் இன்னொரு ஷிஃப்டைத் தாங்காது. அது இருவருக்கும் தெரியும். அந்த ஒரு பாத்ரூம் எங்கள் நடுவில் கூடவே நடந்து வந்தது.

"லேபுக்கு போக இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றாள் அக்கா. "கிளாஸ் ரூம் ஒண்ணு காட்டேன். நீ சொன்னதுல பாதி பொய்யின்னு எனக்கு தெரியும்."

நிலவியல் துறையின் கட்டடம் கடைசியில் இருந்தது. கீழ்த்தளத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவில் பதித்திருந்த கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தோம். வாத்தியார் நின்றுகொண்டுதான் பேசினார். சன்னல் இடது பக்கம். முன்வரிசையிலிருந்து ஒரு கல்லைக் கைக்குக் கை மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் போன், ஒரு கையில் கல், பார்க்காமலே பக்கத்தில் இருப்பவருக்கு. அக்காவின் நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கல் போகிற வழியெல்லாம் அவள் கண் போயிற்று, வரிசை வரிசையாக, கடைசி மேசைவரை.

"ஒருத்தரும் திருப்பியே பாக்கல" என்றாள், கண்ணாடியில் ஆவி படிய.

"உள்ள போய் உக்காருக்கா. யாரும் கேக்க மாட்டாங்க. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான்."

அவள் போன் அதிர்ந்தது. லேப் முதலாளி. "வந்துட்டே இருக்கேன் சார்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கதவு திறந்தது. போனை எடுத்துக்கொண்டு பேச வெளியே வந்த ஒரு மாணவி, எங்களைப் பார்த்து, கதவு சாத்திக்கொள்ளாமல் காலால் தடுத்துப் பிடித்தாள். உள்ளேயிருந்து வாத்தியாரின் குரலும் ஈர மண் வாசனை போல ஏதோ ஒன்றும் வந்தன.

"உள்ள வர்றீங்களாக்கா?"

"வருவேன்" என்றாள் அக்கா. "எனக்கு கிளாஸ் ஆரம்பிக்க இன்னும் அறுபத்திமூணு நாள் இருக்கு."

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.